டாக்கிங் ஸ்கோர் மைனஸ் 9.1 வந்தால் சாயத்தண்ணீர் தெளியுமா?

காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அப்பா கண்டாங்கிச் சேலை நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். என் ப்ராஜெக்டுக்காக ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்புச் சாயத்தை இரண்டு பாக்டீரியா நொதிகளோடு ஆட்டோடாக் வினா என்ற கணினி நிரலில் டாக்கிங் செய்தேன், அதாவது சாயம் நொதியின் குழிக்குள் எப்படிப் பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். பாசில்லஸ் சப்டிலிஸின் லாக்கேஸுக்கு மைனஸ் 8.4, ஈ. கோலையின் அசோரிடக்டேஸுக்கு மைனஸ் 9.1 வந்தது. அசோரிடக்டேஸ்தான் சிறந்தது, அது சாயத்தைச் சிதைக்கும் என்று எழுதலாமா? அப்பாவோ, அந்தப் பாக்டீரியாவை வாங்கித் தொட்டியில் விட்டால் தண்ணீர் தெளிந்துவிடுமா, தெளிந்ததை ஊருணிப் பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்கிறார்."

அப்பாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தெளிந்து தெரிகிற தண்ணீரும் ஊருணிக்குப் போகக் கூடாது. செட்டிநாட்டில் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்த ஊர்கள் நம்முடையவை. நிறம் போன சாயத்தண்ணீர் ஏன் நல்ல தண்ணீர் ஆகாது என்பதற்குக் கீழே வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருவோம். அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு "சிதைக்கும்" என்று எழுத முடியாது. எது சிறந்தது என்றும் எழுத முடியாது. அதற்காகச் செய்த வேலை வீண் என்று நினைக்க வேண்டாம். அந்த மாடலிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதைக் கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும்.

ஸ்கோர் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். டாக்கிங் புதிய வித்தை இல்லை. கலிபோர்னியாவில் இர்வின் குன்ட்ஸ் குழு 1982-லேயே முதல் டாக் நிரலை வெளியிட்டுவிட்டது. நீங்கள் ஓட்டிய வினா, ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தில் ஓலெக் ட்ராட்டும் ஆர்தர் ஆல்சனும் எழுதி 2010-ல் வெளிவந்தது. நொதியை ஏறக்குறைய அசையாத பாறையாக வைத்துக்கொண்டு, சாய மூலக்கூறை அதன் குழிக்குள் ஆயிரக்கணக்கான விதங்களில் திருப்பி, மடக்கி, நுழைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் எவ்வளவு நெருங்கி ஒட்டுகின்றன, எங்கே இடிக்கின்றன, எங்கே ஹைட்ரஜன் பிணைப்பு விழுகிறது, எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் சேர்கின்றனவா என்று கூட்டி, சுழலக்கூடிய பிணைப்புகளுக்குக் கொஞ்சம் அபராதம் போட்டு ஓர் எண்ணைத் தருகிறது. அதன் அலகு கிலோகலோரி பர் மோல். பிணைப்பு ஆற்றலின் ஒரு தோராய மதிப்பீடு அது, மைனஸ் பக்கம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு இறுக்கம், அவ்வளவுதான். வேதிவினை நடக்குமா என்ற கேள்வி அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரவே இல்லை.

அந்தத் தோராயம் எவ்வளவு பெரியது என்பதையும் பாருங்கள். சாதாரண அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றால் பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு வித்தியாசம். உங்கள் 8.4-க்கும் 9.1-க்கும் உள்ள 0.7 என்பது சுமார் மூன்று மடங்கு. வினாவை எழுதியவர்களே தங்கள் கட்டுரையில் கொடுத்திருக்கும் திட்டப்பிழை 2.85 கிலோகலோரி, அது நூறு மடங்குக்கும் மேல். நூறு மடங்கு தவறக்கூடிய தராசில் மூன்று மடங்கு வித்தியாசத்தை வைத்து முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுக்க முடியாது. அதுவும் ஒரே புரதத்துக்குப் பல லிகண்டுகளை (குழிக்குள் நுழைத்துப் பார்க்கும் மூலக்கூறுகளை) ஒப்பிட்டால் பிழையில் ஒரு பகுதியாவது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். நீங்கள் செய்திருப்பது இரண்டு வேறு புரதங்களின் ஒப்பீடு. குழியின் ஆழம், வடிவம், உலோகம் எல்லாமே வேறு.

இன்னொன்று. பெரிய மூலக்கூறுக்கு ஸ்கோர் தானாகவே ஏறும், ஒட்டுவதற்கு அணுக்கள் அதிகம் என்பதால். பாக்கெட்டில் வருகிற ரியாக்டிவ் பிளாக் 5-ல் சோடியத்தையும் ஹைட்ரஜனையும் விட்டுவிட்டு எண்ணினால் 56 அணுக்கள். 9.1-ஐ 56-ஆல் வகுத்தால் ஓர் அணுவுக்கு 0.16 வருகிறது. மருந்துத் துறையில் அணுவுக்கு 0.3 இருந்தால்தான் நல்ல பிணைப்பு என்று பேச்சையே ஆரம்பிப்பார்கள். ஆகவே உங்கள் மைனஸ் 9.1 என்பதன் பெரும்பகுதி "இந்தச் சாயம் பெரியது" என்ற செய்தி மட்டுமே. சாய டாக்கிங் கட்டுரைகளில் அதிகம் கண்ணில் படும் குறை இது. பத்துச் சாயங்களை ஸ்கோர்படி வரிசைப்படுத்தியிருப்பார்கள். அதே வரிசை மூலக்கூறு எடை வரிசையாகவும் இருக்கும்.

இப்போது எந்த மூலக்கூறை டாக்கிங் செய்தீர்கள் என்று கேட்கிறேன். தரவுத்தளத்தில் பெயரைத் தட்டி, வந்த கட்டமைப்பை இறக்கியிருப்பீர்கள். அது சாயப்பொடி டப்பாவுக்குள் இருக்கும் மூலக்கூறு. அப்பாவின் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரில் இருப்பது வேறு. பட்டறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்: உப்பைப் போட்டு, நூல் சிட்டங்களை முக்கி, பிறகு சோடா ஆஷ் போடுகிறார். அந்தக் காரத்தில் சாயத்தின் இரண்டு முனைகளிலும் உள்ள சல்பேட் துண்டுகள் கழன்று வினைல் சல்போன் ஆகின்றன. அது பருத்தியோடு வினைபுரிந்தால் நூலில் நிலைத்து நிற்கும். பருத்திக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்துவிட்டால், இனி எந்த நூலிலும் ஏறாத ஒரு சாயமாக மாறி, அலசுகிற தண்ணீரில் போய்விடும். கழிவில் பெரும்பாலும் இருப்பது நீராற்பகுப்பான இந்த வடிவம்தான். இதில் எதிர்மின் சுமை நான்கிலிருந்து இரண்டாகக் குறைகிறது, 56 அணு 48 ஆகிறது. வேறு மூலக்கூறு என்றே சொல்லலாம்.

சாயத்துக்கு நிறம் தருவது அசோ பிணைப்பு, அதாவது இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு. அதற்குப் பக்கத்திலேயே ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் அந்த ஹைட்ரஜன் இடம் மாறி, மூலக்கூறு ஹைட்ரசோன் வடிவம் எடுக்கவும் முடியும். நொதிக்குள் அடிபடுவது அந்த வடிவமாக இருக்கலாம் என்பதற்கு நல்ல வாதங்கள் உண்டு. இரண்டு வடிவங்களையும் வரைந்து இரண்டையும் ஓட்டுங்கள். சாயத்தின் எதிர்மின் சுமையைத் தாங்கும் சல்போனேட் தொகுதிகளில் ஹைட்ரஜன் ஒட்டவிட்டு நடுநிலை மூலக்கூறாக வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தொட்டியின் பிஹெச் எதுவாக இருந்தாலும் அவை மின்சுமையோடுதான் இருக்கும். இதில் ஒரு வருத்தமான விஷயம், வினாவின் வழக்கமான ஸ்கோர் அணுக்களின் மின்சுமையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நீங்கள் கோப்பில் சுமையைக் கொடுத்தாலும் அதைப் பார்க்காது. எதிர்மின் சுமையே உயிரான ஒரு சாயத்தை, மின்சுமை தெரியாத ஒரு கணக்கில் போட்டிருக்கிறோம். ஆட்டோடாக் 4 மின்சுமையைக் கணக்கில் எடுக்கும். அதிலும் ஒருமுறை ஓட்டி, போஸ், அதாவது சாயம் குழிக்குள் உட்காரும் நிலை, மாறுகிறதா என்று பாருங்கள்.

இனி நொதி. எனக்கு மிகவும் கவலை தருகிற இடம் இதுதான், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு ஸ்கோரைக் கெடுக்காது, அழகாக்கிக் காட்டும். எல்லா டுடோரியல்களிலும் ஒரு வரி இருக்கும்: தண்ணீரையும் ஹெட்ஆட்டம் (புரதச் சங்கிலியில் சேராத அணுக்கள்) வரிகளையும் நீக்கிவிடு. புரதக் கட்டமைப்புகளின் தரவுத்தளமான பிடிபியில் கிடைக்கும் அசோரிடக்டேஸ் கோப்பில் அந்த வரிகளில் இருப்பது எஃப்எம்என் என்ற துணைக்காரணி. அதுதான் அந்த நொதியின் வேலைக்கார உறுப்பு. செல்லுக்குள் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறான என்ஏடிஹெச் வந்து எலக்ட்ரான்களை எஃப்எம்என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போகிறது. அது காலி செய்த இடத்துக்குச் சாயம் வந்து, எஃப்எம்என்னின் தட்டையான வளையத்தின் மேல் படிந்து, அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கிறது. நீங்கள் எஃப்எம்என்னை நீக்கியிருந்தால் அங்கே ஓர் ஆழமான, அருமையான குழி கிடைத்திருக்கும், சாயம் அதற்குள் போய்ச் சொகுசாக உட்கார்ந்திருக்கும். மைனஸ் 9.1 அங்கிருந்து வந்ததோ என்று எனக்குச் சந்தேகம். உயிருள்ள நொதியில் அப்படி ஒரு குழியே கிடையாது.

அந்த நொதி இரட்டையாகத்தான் வேலை செய்கிறது என்பதும் முக்கியம். ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேரும் எல்லையில்தான் வினை நடக்கும் இடம் உருவாகிறது. கோப்பில் ஒரே சங்கிலிதான் இருந்தது, அதை அப்படியே எடுத்தேன் என்றால் பாதிச் சுவர் இல்லாத அறையில் டாக்கிங் செய்திருக்கிறீர்கள். பிடிபி தளத்திலேயே உயிரியல் கூட்டமைப்பு என்று தனிக் கோப்பு இருக்கும், அதை இறக்குங்கள்.

லாக்கேஸிலும் அப்படித்தான். அதற்குள் நான்கு செப்பு அணுக்கள் இருக்கின்றன. கோப்பைச் சுத்தம் செய்யும்போது செம்பு போய்விட்டதா, இருந்தாலும் மின்சுமை பூஜ்யமாக விழுந்துவிட்டதா என்று திறந்து பாருங்கள். செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும் ஆல்பாஃபோல்டு மாடலை எடுத்திருந்தால் இந்தக் கவலை இன்னும் அதிகம். அந்தத் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் கிடைக்கின்றன, 2024-ன் வேதியியல் நோபலில் பாதி அதற்காகத்தான் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. ஆனால் அந்தக் கட்டமைப்புகள் வெறும் புரதச் சங்கிலி. எஃப்எம்என்னும் கிடையாது, செம்பும் கிடையாது. மண்ணிலிருந்து நீங்களே பிரித்தெடுத்த பாக்டீரியாவின் நொதி என்றால் வேறு வழியில்லை, மாடல்தான் எடுக்க வேண்டும். அப்போது நெருங்கிய உறவுள்ள ஒரு சோதனைக் கட்டமைப்பின் மேல் பொருத்தி, துணைக்காரணியைக் கொண்டுவந்து வையுங்கள். மாடலின் தரத்தை ராமச்சந்திரன் வரைபடத்தில் (புரதச் சங்கிலியின் திருப்பக் கோணங்கள் சாத்தியமானவையா என்று காட்டும் படம்) பார்ப்பது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட அந்தக் கணக்கு, இன்றும் உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பு வெளியானாலும் முதலில் வந்து நிற்கும் வாசல். குழியைச் சுற்றியுள்ள அமினோ அமிலம் ஏதாவது தடைப்பகுதியில் விழுந்திருந்தால் அந்தக் குழியில் டாக்கிங் செய்து பயனில்லை.

இதெல்லாம் சரி செய்துவிட்டோம், ஸ்கோரும் நன்றாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இறுக்கமாகப் பிணைந்தால் நன்றாகச் சிதைக்கும் என்று அர்த்தமா?

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, பூச்சிமருந்தைச் சிதைக்கும் பாஸ்போட்ரைஎஸ்டரேஸ். பாரத்தியான் வகைப் பூச்சிமருந்துகளைத் தின்கிற ஒரு பாக்டீரியாவை 1973-ல் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சேதுநாதனும் யோஷிடாவும் அறிவித்தார்கள். அந்த மாதிரி பாக்டீரியாக்களில் இருக்கும் நொதி இது. இரண்டு துத்தநாக அணுக்களை வைத்துக்கொண்டு, ஒரு விநாடிக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாராக்சான் மூலக்கூறுகளை ஒரே ஒரு நொதி மூலக்கூறு வெட்டுகிறது. மூலக்கூறுகள் தண்ணீரில் மிதந்து வந்து சேரும் வேகத்தை நெருங்கிவிட்ட நொதிகளில் ஒன்று. அதன் கேஎம் மதிப்போ (நொதி பாதி வேகத்தில் ஓடும் செறிவு) சுமார் 0.1 மில்லிமோலார். கேஎம்மும் பிணைப்பு மாறிலியும் ஒன்றல்ல. இருந்தாலும் ஒரு பேச்சுக்கு ஒன்றாக எடுத்து ஆற்றலாக மாற்றினால் மைனஸ் 5.5 கிலோகலோரி வரும். வினாவில் மைனஸ் 5.5 வந்திருந்தால் உங்கள் பட்டியலில் அந்த நொதியை எங்கே வைத்திருப்பீர்கள்? கடைசியில்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்த பந்தி நடக்கும். இலையை விட்டு எழாதவரால் பந்தி நின்றுவிடும். நொதியிலும் வந்த மூலக்கூறு மாறி வெளியேற வேண்டும். மிக இறுக்கமாகப் பிணைகிற மூலக்கூறு பல சமயம் அந்த நொதியைத் தடுக்கும் தடுப்பானாகத்தான் இருக்கும். நொதி இறுக்கமாகப் பிடிக்க வேண்டியது வினை நடுவில் தோன்றி மறையும் இடைநிலையைத்தான் என்று லைனஸ் பாலிங் 1940களிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் டாக்கிங் செய்தது ஆரம்ப நிலையை.

தொட்டியின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கழிவுத் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருந்தால் அது சுமார் 0.1 மில்லிமோலார். கேஎம் 0.1 மில்லிமோலார் உள்ள நொதியே அந்தத் தண்ணீரில் பாதி வேகத்தில் ஓடும். மைனஸ் 9.1 உண்மையென்றால் அது சுமார் 0.2 மைக்ரோமோலார் பிணைப்பு. அவ்வளவு இறுக்கம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. இறுக்கமான பிணைப்பு பயன்படுவது மாசு மிகமிகக் குறைவாக, லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் இருக்கும் இடத்தில்.

அப்படியானால் டாக்கிங்கில் எதைப் பார்க்க வேண்டும்? போஸைப் பாருங்கள். உடைய வேண்டிய பிணைப்பு, உடைக்கிற அணுவுக்குப் பக்கத்தில், சரியான கோணத்தில் வந்து நிற்கிறதா என்பதே கேள்வி. அசோரிடக்டேஸ் என்றால் எஃப்எம்என் வளையத்தின் என்5 நைட்ரஜனிலிருந்து சாயத்தின் அசோ நைட்ரஜன் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா? வளையத்தின் மேல் தட்டையாகப் படிகிறதா? ஸ்கோர் மைனஸ் 7 ஆக இருந்து இது நடந்தால், மைனஸ் 9 வந்து அசோ பிணைப்பு 12 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிற போஸைவிட அது எனக்கு மதிப்புள்ளது. டாக்கிங்கிலிருந்து நம்பி எடுத்துக்கொள்ளக் கூடிய செய்தி இந்த வகையைச் சேர்ந்தது: வினை நடக்கும்படி சாயத்தால் அங்கே உட்கார முடியுமா, முடியாதென்றால் எந்தச் சுவர் இடிக்கிறது, எந்த அமினோ அமிலத்தை மாற்றினால் இடம் கிடைக்கும். கோணத்தையும் தூரத்தையும் எழுதுகிற ப்ராஜெக்டை நான் ஆர்வத்தோடு படிப்பேன்.

லாக்கேஸில் இந்தக் கேள்வியே வேறு விதமாக மாறும். லாக்கேஸ் சாயத்தை நேராக வெட்டுவதில்லை; அதிலிருந்து எலக்ட்ரானை இழுக்கிறது. டி1 என்ற செம்பு எலக்ட்ரானை வாங்கி, சுமார் 13 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருக்கும் மூன்று செம்புத் தொகுதிக்கு அனுப்ப, அங்கே நான்கு எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆக்சிஜன் தண்ணீராகிறது. சாயம் டி1 செம்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடினுக்கு அருகில் வந்தால் போதும், ஆழமாகப் புதைய வேண்டியதில்லை. ஆனால் எலக்ட்ரானை இழுக்கும் திறன் நொதிக்கு வேண்டும். பாசில்லஸ் லாக்கேஸின் டி1 திறன் சுமார் 0.5 வோல்ட். வெள்ளை அழுகல் பூஞ்சையான டிரமெட்டெஸின் லாக்கேஸுக்கு அது 0.8 வோல்ட்டுக்குப் பக்கம். சாயத்தின் ஆக்சிஜனேற்றத் திறன் இதைவிட மிக மேலே இருந்தால், டாக்கிங்கில் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் எலக்ட்ரான் நகராது. பாசில்லஸ் நொதிக்கு வேறு பலம் உண்டு: காரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், சாயத்தண்ணீருக்கு அது பெரிய வரம்.

இந்த வோல்ட் கணக்கை அளப்பதற்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் எது? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரி அங்கே அன்றாட வேலை. உங்கள் துறை மூலம் முறையாகக் கடிதம் கொடுத்து, அப்பாவின் அலசல் தண்ணீரில் உள்ள சாயத்தின் ஆக்சிஜனேற்றத் திறனை அளந்துவிட்டால், லாக்கேஸ் பற்றிப் பத்து டாக்கிங் ஓட்டங்கள் சொல்லாததை அந்த ஒரு வளைகோடு சொல்லிவிடும்.

பிணைப்பு உடைவதையே கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. வினை நடக்கும் சிறு பகுதியைக் குவாண்டம் கணக்கிலும் மற்றப் புரதத்தைச் சாதாரண விசைக் கணக்கிலும் வைக்கும் முறையை 1976-ல் வார்ஷெலும் லெவிட்டும் லைசோசைமில் செய்து காட்டினார்கள். 2013 நோபல் அந்த வழியில் உழைத்தவர்களுக்குத்தான், கார்ப்ளஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அது அதிகம். ஆனால் அணுக்கள் நேரத்தோடு எப்படி அசைகின்றன என்று கணக்கிடும் எம்டி சிமுலேஷன் உங்களால் முடியும். அதற்கான குரோமாக்ஸ் நிரல் இலவசம், பல்கலைக்கழகக் கணினியில் 100 நானோவிநாடி ஓட்டலாம். உப்புத் தண்ணீரிலேயே ஓட்டுங்கள், ஏனென்றால் சாயத்தொட்டியில் உப்பு லிட்டருக்குப் பல கிராம் இருக்கும். சல்போனேட்டுக்கும் புரதத்தில் நேர்மின் சுமையுள்ள லைசின், ஆர்ஜினினுக்கும் இடையிலான பிடியை அது தளர்த்தும். சாயம் அந்தப் போஸிலேயே நிற்கிறதா, நழுவி வெளியே போய்விடுகிறதா என்று பாருங்கள். ஒரே ஓட்டத்தை நம்ப வேண்டாம், வேறு வேறு தொடக்க வேகங்களில் மூன்று ஓட்டமாவது வேண்டும்.

இப்போது ஊருணிக்கு வருகிறேன். முதல் தடை, நொதி செல்லுக்குள் இருக்கிறது, சாயம் வெளியே இருக்கிறது. சல்போனேட் தாங்கிய இவ்வளவு பெரிய மூலக்கூறு செல் சவ்வைத் தாண்டி உள்ளே போவது மிகக் கடினம். டாக்கிங் படத்தில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் நமக்கு இது மறந்துபோகிறது. உயிருள்ள பாக்டீரியா இந்தச் சாயங்களின் நிறத்தைப் போக்கும்போது, பெரும்பாலும் சிறிய இடைத்தரகர் மூலக்கூறுகள் எலக்ட்ரானைச் செல்லுக்கு வெளியே சுமந்து போய்க் கொடுக்கின்றன. அசோரிடக்டேஸ் உங்கள் கதையில் நேரடிப் பங்கே எடுக்காமல் போகலாம். ஈ. கோலையின் அந்த நொதி நன்கு அறியப்பட்டிருப்பது மெத்தில் ரெட் போன்ற சின்னச் சாயங்களில். நொதியைப் பிரித்தெடுத்து ஊற்றலாமே என்றால், ஓர் அசோ பிணைப்பை முழுதாகப் பிளக்க நான்கு எலக்ட்ரான், அதாவது இரண்டு என்ஏடிஹெச் வேண்டும். ரியாக்டிவ் பிளாக் 5-ல் இரண்டு அசோ பிணைப்புகள், ஆக நான்கு. ஒரு பட்டறைக்கு அந்தச் செலவு கட்டாது.

இரண்டாவது, பிளந்த பிறகு என்ன வருகிறது என்பது. அசோ பிணைப்பைப் பிளந்தால் அரோமாட்டிக் அமீன்கள் வரும். பென்சிடின் போல அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அதனால்தான் 1990களில் இந்தியா 112 சாயங்களைத் தடை செய்தது. ரியாக்டிவ் பிளாக் 5 அந்த வகையில் சேராது. ஆனால் அதைப் பிளந்தால் வரும் துண்டுகளில் ஒன்று காற்றுப் பட்டதும் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து மறுபடி நிறம் காட்டும். நிறம் போவதும் சிதைவதும் வேறு வேறு. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பிணைப்பைப் பிளந்து, அடுத்துக் காற்று ஊதும் தொட்டியில் அந்த அமீன்களைத் தின்ன வைப்பதுதான் நடைமுறையில் செய்கிற வழி. ஒரே தொட்டியில், ஒரே பாக்டீரியாவால் இரண்டும் நடக்கும் என்று யாராவது விற்க வந்தால் ஆதாரம் கேளுங்கள்.

மூன்றாவது உப்பு. நொதி நிறத்தைத் தின்னலாம், உப்பைத் தின்னாது. திருப்பூரில் நொய்யல் கரையில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். திரவக் கழிவே வெளியேறாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே நிலத்தையும் கிணறையும் கெடுத்ததில் நிறத்துக்கு இருந்த பங்கைவிட உப்புக்கு இருந்த பங்கு பெரியது. கண்டாங்கிக்குச் சாயம் போடும் பட்டறையின் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது என்பது உண்மை. ஆனால் ஊருணிக்கு ஓடிப்போகும் வழி கிடையாது. உள்ளே போன உப்பு அங்கேயே நிற்கும், கோடையில் தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் அவ்வளவு உப்பும் அப்படியே இருக்கும்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது: முதல் அலசல் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். நிறமும் உப்பும் அதில்தான் அதிகம், அளவும் குறைவு. அதைத் தளம் போட்ட தொட்டியில் வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் கசடை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் முறையில் ஒப்படைக்க வேண்டும். நூலில் அதிகம் நிலைக்கும் சாய வகையாகப் பார்த்து வாங்கினால் கழிவே குறையும். இன்றைக்கு உடனே பலன் தருவது இவைதான். நொதி வழி அடுத்த தலைமுறைக்கானது, அதை ஆராய வேண்டியது உங்களைப் போன்றவர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. அதன் சாயத்தண்ணீருக்கும் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தால் அது காரைக்குடிக்குப் பெருமை.

ப்ராஜெக்டை இப்படித் திருத்துங்கள். படிகக் கட்டமைப்பிலேயே லிகண்டோடு கிடைக்கும் கோப்பு ஒன்றை எடுத்து, அந்த லிகண்டை வெளியே எடுத்து மறுபடி டாக்கிங் செய்யுங்கள். பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ராம் ஆர்எம்எஸ்டிக்குள் (அணுக்களின் சராசரி விலகல்) திரும்பி வந்தால் உங்கள் அமைப்பு நம்பத்தக்கது. அடுத்து, ரியாக்டிவ் பிளாக் 5 அளவுக்கே பெரிய, அதே போல் சல்போனேட் உள்ள, ஆனால் அசோ பிணைப்பே இல்லாத சில மூலக்கூறுகளையும் ஓட்டுங்கள். அவற்றுக்கும் மைனஸ் 9 வந்தால் அந்தக் குழிக்குச் சாயத்தை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அந்த முடிவை ஒளிக்காமல் எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

ஈர ஆய்வகத்தில் ஒரு வாரம் இடம் கிடைத்தால் 597 நானோமீட்டரில் சாயத்தின் உச்சம் குறைகிறதா என்று பாருங்கள். கொதிக்க வைத்துக் கொன்ற செல்களோடு ஒரு குடுவை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் செத்த செல்லும் சாயத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளியும், அடியில் படியும் கசடு கறுத்துப்போகும். அதைச் சிதைவு என்று எழுதிய அறிக்கைகள் நிறைய. புற ஊதாப் பகுதியில் புது உச்சங்கள் வருகின்றனவா என்று பார்த்து, வசதி இருந்தால், துண்டுகளைப் பிரித்து அவற்றின் எடையைக் காட்டும் எல்சி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள். வடிகட்டிய அந்தத் தண்ணீரில் பச்சைப்பயறு முளைக்க வையுங்கள், உப்பு மட்டும் கலந்த தண்ணீரில் இன்னொரு தட்டும் வையுங்கள். இரண்டு தட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாயத் துண்டுகளின் நச்சு.

இதில் எதைத் தொடங்குவதற்கு முன்னாலும், இன்றிரவே எஃப்எம்என்னைத் திரும்ப உள்ளே வைத்து, இரண்டு சங்கிலிகளோடு, நீராற்பகுப்பான சாயத்தைக் கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். மைனஸ் 9.1 பெரும்பாலும் குறையும், பயப்பட வேண்டாம். வரும் போஸ்களில் என்5-க்கும் அசோ நைட்ரஜனுக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரு பட்டியலாகப் போட்டு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.